மலை ரயிலில் அப்பாவும் இரண்டு மகள்களும்

வெள்ளிக்கிழமை இரவு

நீலகிரி விரைவு ரயிலில் இருக்கிறோம். இருவரும் தூங்கியாயிற்று. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டியதில்லை, பெர்த்தும் கிடையாது. அதனால் சின்னவள் என் கீழ் பெர்த்தில் சுவர்ப் பக்கம் படுத்திருக்கிறாள். நான் ஓரத்தில் ஒருக்களித்தபடி போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியவளுக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், 2016-லிருந்து அப்படித்தான். அவளுக்குக் கிடைத்தது நடு பெர்த். தூக்கத்தில் உருளாமல் இருக்க, போர்வையின் ஓரத்தைச் சங்கிலியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

மனைவி வரவில்லை. மாநில அரசு வேலையில் இருக்கும் அவளுக்குத் துறைத் தேர்வு. இந்த அரையாண்டு விடுமுறையில் வீடு அமைதியாக இருந்தால்தான் உட்கார்ந்து படிக்க முடியும். அதற்காகவே இந்தப் பயணம். கிளம்பும் வரை சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்டது ஒன்றைத்தான்: "ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு தனியா எப்படிப்பா சமாளிப்பே?" வீட்டில் தினமும் எப்படியோ அப்படித்தான். காலையில் எழுப்பி, பல் தேய்க்க வைத்து, தலை பின்னி, டப்பா கட்டி, பள்ளி வேனில் ஏற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவள் ஆறரைக்கே வேலைக்குக் கிளம்புகிறவள். ஊர் மாறினால் அந்த வேலை மாறாது, இடம் மட்டும்தான் மாறும்.

பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைகளோடு போகும்போது பாதிப் பயணம் பையில்தான் இருக்கிறது. சின்னவளுக்கு ஒரு நாளுக்கு இரண்டு செட் உடை. அதில் ஒரு செட் எப்போதும் பையின் மேலேயே இருக்க வேண்டும், நடுவழியில் நனைந்தால் தேட நேரம் இருக்காது. காய்ச்சல் மருந்து, அளவு குப்பி, தெர்மாமீட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். சீப்பு, ரிப்பன், எண்ணெய். வாந்திக்குக் காகிதப் பைகள். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்கள், ஏனென்றால் நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. கடைசியாக, அம்மாவின் பழைய புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாமல் சின்னவள் தூங்க மாட்டாள். மற்றதெல்லாம் எந்தக் கடையிலும் வாங்கலாம், அது மட்டும் எங்கேயும் கிடைக்காது. அதனால் அதை என் சட்டைப் பையில் தனியாக வைத்துக் கொண்டுவந்தேன்.

இருவர் உடையிலும் உள் பக்கமாக எங்கள் இரண்டு பேரின் எண்ணும் எழுதிய சீட்டு ஊக்கு போட்டிருக்கிறது. பெரியவளுக்கு இரண்டு எண்ணும் மனப்பாடம், குழந்தைகள் உதவி எண் 1098-ம் தெரியும். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சீருடை போட்டவரிடமோ சொல்ல வேண்டும் என்பதை நிலையத்தில் ஒருமுறை சொல்ல வைத்தேன். சின்னவள் அக்காவுக்கு முந்திக்கொண்டு சொன்னாள்.


சனிக்கிழமை, குன்னூர்

மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது சரியாக விடிந்திருக்கவில்லை. மலை ரயில் 7.10-க்கு. அதற்குள் பல், முகம், வயிற்றுக்கு ஏதாவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. மலை ரயில் பெட்டிகள் பழங்காலத்து அமைப்பு, உள்ளே கழிப்பறை கிடையாது. நிற்கிற இடங்களில் இறங்கித்தான் போக வேண்டும். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் ஏறும் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.

"எஞ்சினைக் காணோமேப்பா?" என்றாள் பெரியவள். முன்னால் இல்லை, கடைசியில் இருந்தது. கூட்டிப்போய்க் காட்டினேன். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. பன்னிரண்டு அடி முன்னே போவதற்குள் ஓரடி மேலே ஏற வேண்டிய செங்குத்து. வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பெட்டிகளை இழுப்பதற்குப் பதிலாக அது கீழே இருந்து தள்ளிக்கொண்டே, தாங்கிக்கொண்டே வரும். இந்தியாவில் பல்சக்கரப் பாதை இது ஒன்றுதான். குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கியது, ஊட்டிக்கு 1908-ல் போய்ச் சேர்ந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005-ல் இடம்பெற்றது. இத்தனையையும் பெரியவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கொண்டிருந்தது சின்னவள். "நான் மாடிப்படி ஏறும்போது நீ பின்னாடி கை வச்சுக்கிட்டு வருவியே, அது மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வழி முழுக்க எஞ்சினுக்குக் கை காட்டிக்கொண்டே வந்தாள்.

46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கக் கூச்சல் போடுவது இந்த ரயிலில் வழக்கம். முதல் குகையில் அந்தச் சத்தத்துக்குச் சின்னவள் வெலவெலத்துப்போய் என் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதிரில் இருந்தவர்கள் "பயப்படக் கூடாது பாப்பா, ஒண்ணுமில்ல" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லை நான் குழந்தைகளிடம் பயன்படுத்துவதில்லை. அவளுக்குப் பயமாக இருப்பது உண்மை, அதை இல்லை என்று சொன்னால் அடுத்த முறை என்னிடம் சொல்லவே மாட்டாள். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் குழந்தைக்குப் பாதிப் பயம் போய்விடும். அதனால் பெரியவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். குகை கண்ணில் பட்டதும் அவள் தங்கையிடம் சொல்ல வேண்டும்: "இருட்டு வருது. சத்தம் வரும். அப்புறம் வெளிச்சம் வரும்." சின்னவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது குகையில் பிடி தளர்ந்தது. அதற்கடுத்ததில் அவளும் கத்தினாள்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. குரங்குகள் நிறைய. கையில் தின்பண்டம் இல்லாமல் இறங்கினால் தொந்தரவில்லை.

இனி எழுதப்போவதுதான் இன்று முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு நிறுத்தத்தில் சின்னவளுக்கு அவசரம். ஆண்கள் பக்கம் ஒரு கதவு, பெண்கள் பக்கம் ஒரு கதவு. மகளோடு நிற்கும் அப்பா எந்தக் கதவுக்குள் போவது? இரண்டு வயது வரை ஆண்கள் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நான்கு வயதில் அவளுக்குக் கண்ணும் கேள்வியும் வந்துவிட்டன. பெரியவள் அந்தப் பக்கம் வரவே மறுக்கிறாள், அது அவள் உரிமை. இருவரையும் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு, குரல் கேட்கும் தூரத்தில் நின்று விடாமல் பேசிக்கொண்டிருப்பது என் வழக்கம். "என்ன பண்றீங்க? தாழ்ப்பாள் போட்டாச்சா? அக்கா கையைப் பிடிச்சுக்கோ." இன்று குளிருக்காக மூன்று அடுக்கு உடை போட்டிருந்ததால் பெரியவளால் தங்கைக்கு உதவ முடியவில்லை. உள்ளேயிருந்து "அப்பா, நாடா முடிச்சு விழுந்துருச்சு" என்று குரல். நான் போக முடியாது. கை கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா எட்டிப் பார்த்து, "நீங்க நில்லுங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஆனாலும் நேற்று இரவுதான் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு போகக் கூடாது என்று இருவருக்கும் பாடம் நடத்தினேன். இன்று காலையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானே அவர்களை ஒப்படைக்க வேண்டிவந்தது. குழந்தை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? 2015-லிருந்து தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. எத்தனையோ தாய்மார்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே அக்கறையோடு இன்னொரு கதவும் வர வேண்டும். அப்பா மகளோடும், அம்மா மகனோடும், தாத்தா பேத்தியோடும் நுழையக்கூடிய ஒரு குடும்பக் கழிப்பறை. ஒரே ஒரு அறை போதும். கட்டுகிறவர்கள் மனதில் குழந்தையோடு தனியாக வரும் ஆண் ஒருவன் தோன்றினால் அது தானாக வந்துவிடும்.

பெட்டியில் திரும்பி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண்மணி என்னை மிகவும் பாராட்டினார். "எவ்வளவு பொறுமை! இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா!" என்றார். அவருக்கும் மடியில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று, தோளில் பை. மூன்று மணி நேரமாக அவர் செய்துகொண்டிருந்ததையும் நான் செய்ததையும் ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. அவரை யாரும் பாராட்டவில்லை. அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் சின்னப் பையனை எதிர் வரிசையில் இருந்த கணவரின் மடிக்கு மாற்றினார்.

குன்னூரில் இறங்கி அறைக்கு வந்து, இருவரையும் வெந்நீரில் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துத் தூங்க வைத்தேன். மாலையில் மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டது. வேறெதுவும் பார்க்கவில்லை.


ஞாயிற்றுக்கிழமை, குன்னூர்

காலையில் எண்ணெய் பாட்டில் கட்டியாக உறைந்திருந்தது. இருவருக்கும் அது பெரிய அதிசயம். எங்கள் ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து அவர்கள் பார்த்ததில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும் என்று சொல்லி, பாட்டிலை வெந்நீர்க் குவளையில் நிற்க வைத்தோம். ஓரத்திலிருந்து உருகி நடுவில் வெள்ளைக் கட்டி மிதந்தது. அது கரையும்வரை தலை பின்னுவதற்கு அவர்களே காத்திருந்தார்கள்.

தலை பின்னுவதை நான் ரசித்துச் செய்கிறேன். சிக்கு எடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், உச்சியிலிருந்து இழுத்தால் வலிக்கும். வேர்ப் பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது. சீப்பின் வால் நெற்றியில் தொடங்கிப் பிடரிவரை ஒரே கோடாக வர வேண்டும், அப்போதுதான் இரட்டைச் சடை இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருக்கும். ஈரத் தலையை இறுக்கிப் பின்னக் கூடாது. இதெல்லாம் மனைவியும் மாமியாரும் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பத்து நிமிடம் பெரியவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். முகம் பார்க்காமல் பேசுவதாலோ என்னவோ, பள்ளியில் நடந்தது, யாரோடு சண்டை, எதற்கு அழுதாள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நேராக உட்கார வைத்துக் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். இன்று வகுப்பில் ஒரு பையன் தன்னைக் கறுப்பி என்று சொல்வதைச் சொன்னாள். "நீ என்ன சொன்னே?" என்றேன். "ஆமா, அதுக்கு என்னன்னு கேட்டேன்" என்றாள். பின்னிக்கொண்டே, சரியாகத்தான் கேட்டிருக்கிறாய் என்றேன். பள்ளி திறந்ததும் டீச்சரிடம் நானும் ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சம்மதிக்காமல் போய் நிற்க மாட்டேன்.

சிம்ஸ் பூங்கா 1874-ல் உருவானது. மலைச்சரிவிலேயே இறங்கி இறங்கிப் போகும் அமைப்பு. கீழே இறங்குவது எளிது, திரும்ப ஏறும்போது சின்னவள் தோளுக்கு வந்துவிடுவாள் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பாதி வரைதான் போனோம். பெரியவள் விழுந்த இலைகளைப் பொறுக்கினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள்.

பூங்காவுக்கு எதிரில் பாஸ்டர் நிறுவனம். சுற்றுலா வருகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இருவரையும் வெளியே நிறுத்திக் காட்டினேன். 1907-லிருந்து இயங்குகிறது. முதலில் வெறிநாய்க்கடிக்கான மருந்து, பிறகு தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி என்று பலவற்றை இங்கே தயாரித்திருக்கிறார்கள். "உனக்கு அஞ்சு வயசுல கையில போட்டாங்களே, அந்த ஊசி" என்றதும் பெரியவள் தன் கையைத் தடவிப் பார்த்தாள். ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் போடும் ஊசிகள், ஒன்றரை வயதில் போடும் ஊசி, அந்த இரவுகளின் காய்ச்சல், தொடையில் வீக்கம், தோளில் போட்டு நடந்த நடை, எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் அப்பாக்களுக்கு இந்தக் கட்டடம் ஒரு கோயிலுக்குச் சமம் என்பேன். சின்னவளுக்கு அடுத்த ஊசி ஐந்து முடிந்ததும். அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.


ஞாயிறு நள்ளிரவு

சின்னவளுக்குக் காய்ச்சல். 101.6. மூக்கடைப்பு, இருமல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது. எடை 14 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி 210. என்னிடம் இருக்கும் பாராசிட்டமால் மருந்து 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம். கணக்குக்கு 4.2 மில்லிலிட்டர் வரும், 4 கொடுத்தேன். இதே மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் என்றும் வருகிறது. குப்பியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஸ்பூன் கணக்கில் கொடுக்கவே கூடாது. வீட்டில் குழந்தையின் எடை அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். புடவைத் துண்டு கன்னத்தில். பெரியவள் எழுந்து உட்கார்ந்து, "நான் என்ன செய்யணும்?" என்றாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தபடியே தூங்கிவிட்டாள்.


திங்கட்கிழமை, அறையில்

விடியற்காலையில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். தேர்வை விட்டுவிட்டுக் கிளம்பி வரட்டுமா என்றாள். வேண்டாம், நானிருக்கிறேன் என்றேன். மறைக்காமல் சொன்னதால்தான் அவளால் நம்பிப் படிக்க முடிந்தது.

இன்று எங்கேயும் போகவில்லை. ஊர் பார்க்க வந்து அறைக்குள் இருந்தோம் என்று வருத்தமில்லை. இந்த நாளைத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

கஞ்சி வாங்கிவந்து கொடுத்தார்கள். சின்னவள் நான்கு வாய் சாப்பிட்டாள், வற்புறுத்தவில்லை, தண்ணீர் மட்டும் அடிக்கடி. துவைத்த துணி இந்தக் குளிரில் காயவில்லை. ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, கதவுக் கொக்கி எல்லாவற்றிலும் சின்னச் சின்ன உடைகள் தொங்கின. பெரியவள் அதற்குள் புகுந்து கடை வைத்தாள். தான் பொறுக்கிவந்த இலைகள்தான் காசு. ஒரு ஜோடி உள்ளாடை விலை ஒரு யூகலிப்டஸ் இலை. என்னுடைய துணியையே நான் இரண்டு முறை வாங்க வேண்டியிருந்தது.

பதினோரு மணிக்கு இருவருக்கும் சண்டை. ஒரே ஒரு சிவப்புக் கிரேயான். சின்னவள் உடம்பு சரியில்லாதவள் என்பதால் பெரியவளை விட்டுக்கொடுக்கச் சொல்வதுதான் எளிது. எல்லா வீட்டிலும் மூத்தவளிடம்தான் அப்படிச் சொல்கிறோம், அதிலும் மூத்தவள் பெண்ணாக இருந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சொல்கிறோம். அவளும் ஏழு வயதுக் குழந்தைதான். முதலில் எடுத்தது யார் என்று கேட்டேன். பெரியவள். அவள் சூரியனை வரைந்து முடிக்கும்வரை கிரேயான் அவளுக்கு. சின்னவள் அழுதாள். மடியில் வைத்துக்கொண்டு அழ விட்டேன். முடித்ததும் பெரியவளே கொண்டுவந்து நீட்டினாள்.

மதியம் பெரியவள் குளிக்கப் போனாள். "அப்பா, கதவைச் சாத்திக்கிறேன். நானே குளிச்சுக்குவேன்" என்றாள். சில மாதங்களாக இப்படித்தான். வெந்நீர் பதம் பார்த்து வைத்துவிட்டு, தாழ்ப்பாள் போட வேண்டாம், சாத்தினால் போதும், தட்டாமல் வர மாட்டேன் என்று சொல்லி வெளியே உட்கார்ந்தேன். அவள் உடம்பு அவளுடையது என்பதை நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். இன்னும் சில வருடங்களில் இவள் வயதுக்கு வருவாள். நாப்கின் வாங்க, வயிற்று வலிக்கு வெந்நீர்ப் பை எடுத்துக் கொடுக்க, எதையும் அம்மா வரும்வரை தள்ளிப்போடாமல் என்னிடம் கேட்கிற வீடாக இது இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பன்னிரண்டு வயதில் திடீரென்று வராது. நாடா முடிச்சு விழுந்துவிட்டது என்று இப்போது என்னைக் கூப்பிடுவதில்தான் தொடங்குகிறது.

பெரியவள் பிறந்தபோது மனைவிக்கு ஒன்பது மாத மகப்பேறு விடுப்பு கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து அது பன்னிரண்டு மாதம். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் வேலையில் இருக்கும் எனக்கு அதுவும் இல்லை, சேர்த்து வைத்திருந்த விடுப்பில்தான் வீட்டில் இருந்தேன். முதல் மாதங்களில் குழந்தையைக் கையில் வாங்காத அப்பாவுக்குப் பிறகு எல்லாமே இன்னொருவர் வேலையாகத் தெரிகிறது. இதை அப்பாக்களின் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மாலை ஐந்து மணிக்கு ஜன்னலுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு காட்டெருமை வந்து நின்றது. குன்னூரில் இவை ஊருக்குள்ளேயே நடமாடும். கறுப்பு உடம்பு, நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். "அது அம்மாவா அப்பாவா?" என்றாள் சின்னவள். தெரியவில்லை என்றேன். "குட்டியைக் காணோம், தேடுது" என்று தானே முடிவு செய்துகொண்டாள். இரவு ஒன்றரைத் தோசை சாப்பிட்டாள். காய்ச்சல் இல்லை.


செவ்வாய்க்கிழமை, ஊட்டி

குன்னூரிலிருந்து டீசல் எஞ்சின். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாகச் சின்னச் சின்ன நிலையங்கள். பெரியவள் பெயர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேருந்தில் வந்தால் இருவருக்கும் வாந்தி நிச்சயம், ரயிலில் ஒன்றுமில்லை.

தாவரவியல் பூங்காவில் 1848-லிருந்து மரங்கள் வளர்க்கிறார்கள். இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று ஒரு கல்மரத்தை வைத்திருக்கிறார்கள். மரம் எப்படிக் கல்லாகும் என்று பெரியவள் கேட்டாள். மண்ணுக்குள் புதைந்த மரத்தின் நுண்ணிய இடைவெளிகளில் தாதுக்கள் கரைந்து நிறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரம் போய்க் கல் நிற்கும் என்று சொன்னேன். "ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி பாட்டி இருந்தாங்களா?" என்றாள் சின்னவள். மனிதர்களே இல்லை என்றதும் நம்பாமல் அக்காவைப் பார்த்தாள்.

குறிஞ்சியைப் பற்றியும் பேசினோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறு மலைகளில் கடைசியாகப் பூத்தது பெரியவள் பிறந்த 2018-ல். அடுத்து 2030. அப்போது இவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஒன்பது. "அப்ப நீ எங்களைத் தூக்க முடியாது" என்றாள் சின்னவள். தூக்க முடியாது, கூட நடக்கலாம் என்றேன். அந்தப் பூவைப் பார்க்க நான்கு பேருமாகப் போவது என்று பேசி முடிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு அந்த வருடம் தேர்வு இருக்கக் கூடாது என்பது பெரியவளின் நிபந்தனை.

சின்னவள் தோளில் தூங்கிவிட்டதால் தொட்டபெட்டா போகவில்லை. 2,637 மீட்டர், காற்று பலமாக இருக்கும், நேற்றுதான் காய்ச்சல் விட்ட குழந்தைக்கு வேண்டாம்.


புதன்கிழமை, திரும்பும் ரயிலில்

ஊட்டியில் விடுதிக்காரர் நேற்றே சொல்லியிருந்தார், காலையில் புல்வெளியில் உறைபனி படியும் என்று. தனியாக வந்த அப்பாவுக்கு இங்கே ஒரு சிக்கல்: ஒருத்தியை அறையில் தூங்க விட்டுவிட்டு இன்னொருத்தியோடு வெளியே போக முடியாது. போனால் இரண்டு பேரும், இல்லையென்றால் யாருமில்லை. சின்னவளைப் போர்வையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன். பெரியவள் மட்டும் பத்தடி தூரம் நடந்து போய் வெள்ளைப் புல்லை விரலால் தொட்டாள். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடுவதால் புல்லின் மேல் இருக்கும் ஈரம் உறைந்துவிடுகிறது. தங்கைக்குக் காட்ட ஒரு புல்லைப் பிடுங்கி ஓடிவந்தாள், வருவதற்குள் கையின் சூட்டில் உருகிவிட்டது. திரும்பப் போய் இன்னொன்று கொண்டுவந்தாள். சின்னவள் நக்கிப் பார்த்தாள்.

மதியம் மலை ரயிலில் இறங்கி, இப்போது ஊர் ரயிலில் இருக்கிறோம். மனைவி போனில் பாடம் எல்லாம் முடித்துவிட்டதாகச் சொன்னாள். குரலிலேயே தெரிந்தது.

ரயில் கிளம்பியதிலிருந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. ஆண்கள், பெண்கள் பக்கம் தவிர, எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் நுழையக்கூடிய ஒரு தனி அறை வேண்டும். குழந்தைக்கு உடை மாற்ற ஒரு பலகை, தாய்மார்கள் அறையில் மட்டும் இல்லாமல் அப்பாவும் போகக்கூடிய இடத்தில் வேண்டும். பை மாட்ட ஒரு கொக்கி வேண்டும், ஈரத் தரையில் பையை வைத்துவிட்டு ஒரு கையால் குழந்தையைப் பிடிக்க முடியாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.

எழுதியதைப் பெரியவளுக்குப் படித்துக் காட்டினேன். "தாழ்ப்பாள் எனக்கு எட்டுற உயரத்துல இருக்கணும்னு எழுதுப்பா. தங்கச்சிக்கு எட்டக் கூடாது, அவ திறந்துருவா" என்றாள். அப்படியே நான்காவது கோரிக்கையாகச் சேர்த்துவிட்டேன். மனுவின் அடியில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் பெயர் எழுத வேண்டும் என்கிறாள். எழுதட்டும்.